சாகசக் கதைகளில் வரும் ஹிம்லர்: அந்த மாந்திரீகப் பைத்தியம் எவ்வளவு உண்மை?

மைக்கூடு:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சாகசத் தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆறு அத்தியாயம் முடிந்துவிட்டது. கதை 1938இல் நடக்கிறது. வில்லன் ஹிம்லர், எஸ்எஸ் என்ற நாஜிப் படையின் தலைவர். முக்கோண வடிவில் ஒரு கோட்டை, நடுராத்திரி, தீவட்டி வெளிச்சம், பன்னிரண்டு எஸ்எஸ் அதிகாரிகள் வட்டமாக உட்கார்ந்திருக்க ஹிம்லர் பழைய வரைபடம் ஒன்றை விரித்து, இமயமலையில் புதைந்திருக்கும் ஒரு பொருளை எடுத்து வந்துவிட்டால் ஜெர்மனியை யாராலும் அசைக்க முடியாது என்கிறார். இப்படிப் போகிறது கதை.

நண்பனிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்று அத்தியாயம் படித்துவிட்டு "இந்தப் படத்தை நான் ஏற்கெனவே பார்த்துட்டேன்டா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். எந்தப் படம் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் பார்த்திருக்கிறானாம். கோபம் வந்தது, அப்புறம் யோசித்தால் அவன் சொன்னது சரிதான். காலேஜ் காலத்தில் பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் விளையாடிய கேம், ஞாயிற்றுக்கிழமை டிவியில் டப் செய்து போட்ட படங்கள், இவற்றிலிருந்துதான் என் ஹிம்லர் வந்திருக்கிறார். நிஜ ஆளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

அதனால் இங்கே கேட்கிறேன். நிஜ ஹிம்லருக்கு இந்தப் பைத்தியம் எவ்வளவு தூரம் இருந்தது? கோட்டை நிஜமா? திபெத்துக்கு ஆள் அனுப்பியது நிஜமா, நிஜமென்றால் எதைத் தேடி? பைத்தியம் ஹிட்லருக்கா ஹிம்லருக்கா? கதைகளில் இரண்டு பேரையும் ஒரே அம்மியில் வைத்து அரைத்துவிடுகிறார்கள். கடைசியாகக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கேள்வி: அந்தப் பொருளுக்கு உண்மையிலேயே சக்தி இருப்பதாக எழுதலாமா? ஏழாம் அத்தியாயத்தில் பெட்டியைத் திறந்தாக வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே இன்னும் தெரியாது.


பழையபேப்பர்:

கோட்டை நிஜம்தான் தம்பி. பெயர் வேவல்ஸ்பர்க், பாடர்போர்ன் நகரத்துக்குப் பக்கத்தில். முக்கோணம் என்பதும் சரி, ஆனால் அதில் ஹிம்லரின் கைவரிசை ஒன்றுமில்லை, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடர்போர்ன் பிஷப் கட்டிய கட்டடம் அது. ஹிம்லர் 1933 நவம்பரில் வந்து பார்த்தார், பிடித்துப்போனது, அடுத்த வருஷமே நூறு வருஷக் குத்தகைக்கு எடுத்துவிட்டார். வாடகை வருஷத்துக்கு ஒரு மார்க். வட கோபுரத்தில் பன்னிரண்டு தூண் வைத்த மண்டபம், தரையில் கரும்பச்சைக் கல்லில் பன்னிரண்டு ஆரம் கொண்ட ஒரு சக்கரம், அதற்கு அடியில் வட்டமான நிலவறை, சுவரோரம் பன்னிரண்டு இருக்கை. அந்தச் சக்கரத்தைத்தான் இன்று 'கருப்புச் சூரியன்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்தப் பெயர் 1991இல் வந்த ஒரு ஜெர்மன் த்ரில்லர் நாவலிலிருந்து ஒட்டிக்கொண்டது. கதைக்காரன் வைத்த பெயர், வரலாறு மாதிரி உலவுகிறது. இது இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப நடக்கும், பாருங்கள்.

ஆனால் பன்னிரண்டு பேர் தீவட்டி ஏற்றிப் பூஜை செய்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சியும் கிடையாது. அந்த மண்டபத்தின் வேலையே கடைசிவரை முடியவில்லை. அங்கே உண்மையில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றிச் சாட்சி இருக்கிறது. 1941இல் ரஷ்யாவின் மீது படையெடுப்பதற்கு முன்னால் ஹிம்லர் தன் மேல்மட்ட எஸ்எஸ் தளபதிகளை அந்தக் கோட்டைக்கு வரவழைத்தார். அங்கே இருந்த பாஹ் செலெவ்ஸ்கி என்ற தளபதி பிறகு நியூரம்பர்க் விசாரணையில் சொன்னது: ஸ்லாவ் மக்களில் மூன்று கோடிப் பேரைக் குறைப்பதுதான் இந்தப் போரின் நோக்கம் என்று ஹிம்லர் அங்கே பேசினார். மந்திரம் இல்லை, மண்டையோடு இல்லை. ஒரு எண்ணிக்கை. நீங்கள் தீவட்டியெல்லாம் வைத்து எழுதியிருக்கும் காட்சியை இதனோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று. கோட்டையைப் புதுப்பிக்க ஆள் வேண்டுமே, அதற்காக அந்த ஊரிலேயே நீடர்ஹாகன் என்று ஒரு வதைமுகாம் போட்டார்கள். அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 3,900 பேர், செத்தவர்கள் குறைந்தது 1,285 பேர். சாகசக் கதைகளில் கோட்டை வரும், அதைப் புதுப்பித்த ஆட்கள் வரவே மாட்டார்கள். நான் பார்த்தவரை ஒன்றில்கூட இல்லை. 1945 மார்ச் 31ஆம் தேதி ஹிம்லரின் உத்தரவுப்படி ஒரு எஸ்எஸ் குழு வந்து கோட்டையை வெடிவைத்துக் கொளுத்தியது. வெடிமருந்து போதாமல் கோபுரம் தப்பித்தது. இப்போது அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது.

ஆள் யார் என்று கேட்டீர்கள். பள்ளித் தலைமையாசிரியர் மகன், மியூனிக்கில் விவசாயம் படித்தவர், 1920களின் கடைசியில் மனைவியோடு கோழிப்பண்ணை வைத்து நஷ்டப்பட்டவர். கண்ணாடி போட்டுக்கொண்டு, சின்ன வயதிலிருந்து விடாமல் டைரி எழுதி, படித்த புத்தகங்களுக்கெல்லாம் வரிசை எண் போட்டுப் பட்டியல் வைத்துக்கொண்ட ஆள். இவர் பக்கத்தில் சாமியார் மாதிரி ஒருவர் இருந்தார், கார்ல் மரியா விலிகுட். பழைய ஆஸ்திரிய ராணுவ அதிகாரி. தன் குலத்து நினைவு கி.மு. 228000 வரை பின்னோக்கிப் போகும், அப்போது வானத்தில் மூன்று சூரியன் இருந்தன என்றெல்லாம் சொல்வார். எஸ்எஸ் ஆட்கள் போட்ட மண்டையோட்டு மோதிரத்தை வடிவமைத்தது இவர்தான். 1924 முதல் 1927 வரை சால்ஸ்பர்க் மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்ற விஷயம் பிற்பாடு வெளியே வர, 1939இல் உடம்பு சரியில்லை என்று காரணம் காட்டிச் சத்தமில்லாமல் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். இந்த ஆளை வைத்து ஒருவரும் ஒழுங்காக ஒரு கதை எழுதவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.


இடிதாங்கி:

விலிகுட் போகட்டும், எனக்குப் பிடித்தது அந்தச் சுத்தியல் கடிதம். 1940 மே மாதம், பிரான்ஸில் முழுவீச்சில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போது, ஹிம்லர் தன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார். தோர் என்ற இடிக்கடவுளின் சுத்தியலைப் பற்றிப் பழைய நூல்களில் எங்கெல்லாம் வருகிறதோ எல்லாவற்றையும் தேடி எடுங்கள், அது சாதாரண இடி மின்னலைப் பற்றிய கதை இல்லை, நம் முன்னோர்களிடம் இருந்த மிக முன்னேறிய மின்சார ஆயுதம் என்று நான் உறுதியாக நம்புகிறேன் என்கிறார்.

படித்ததும் எனக்கு எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்தான் ஞாபகம் வந்தது. பிரம்மாஸ்திரம்தான் அணுகுண்டு, புஷ்பக விமானம்தான் ஜெட் என்று காலையில் ஆறு மணிக்கு அனுப்புகிற பெரியப்பா எல்லார் வீட்டிலும் இருக்கிறார். அந்தப் பெரியப்பாவுக்கு ஒரு போலீஸ் படை, ஒரு ஆராய்ச்சி நிறுவனம், அளவில்லாத பணம், முகாம் முகாமாகக் கைதிகள் என்று கொடுத்தால் ஹிம்லர். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

மைக்கூடு, நீங்கள் விளையாடிய கேம் எது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். 2001இல் வந்த 'ரிட்டர்ன் டு கேஸில் வுல்ஃபென்ஸ்டைன்' தானே? அதில் செத்துப்போன ராஜா ஹைன்ரிஹ்ஹை ஹிம்லர் எழுப்பப் பார்ப்பார். சிரிக்காதீர்கள், அதற்கு அடியில் ஒரு நிஜம் இருக்கிறது. 936இல் இறந்த முதலாம் ஹைன்ரிஹ் மன்னனுக்கு 1936 ஜூலையில் க்வெட்லின்பர்க் தேவாலயத்தில் ஆயிரமாவது நினைவு நாளை ஹிம்லர் தடபுடலாக நடத்தினார். கல்லறையில் எலும்பு இல்லை என்றதும் தோண்டச் சொன்னார், ஏதோ எலும்புகள் கிடைக்க, அடுத்த வருஷம் ஊர்வலம் வைத்து அவற்றை அடக்கம் செய்தார். தன்னையே அந்த மன்னனின் மறுபிறவி என்று நினைத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். அது பெரும்பாலும் அவருடைய மசாஜ்காரர் கெர்ஸ்டன் போன்றவர்கள் பிறகு சொன்னது, கெர்ஸ்டன் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் ரகம். ஹிம்லர் பகவத் கீதையைப் பையிலேயே வைத்திருந்தார் என்று நம் ஊரில் ஃபார்வர்ட் ஆகிற செய்திக்கும் மூலம் அதே கெர்ஸ்டன்தான்.


ராத்திரிஷோ:

நீங்க எல்லாரும் முக்கியமானதை விட்டுட்டீங்க பாஸ். ஈட்டி! இயேசுவின் விலாவில் குத்திய ஈட்டி. ஹிட்லர் இளைஞனாக வியன்னாவில் சுற்றிக்கொண்டிருந்தபோது அருங்காட்சியகத்தில் அதைப் பார்த்து மெய்மறந்து நின்றார், பிறகு ஆஸ்திரியாவைப் பிடித்ததே அந்த ஈட்டிக்காகத்தான், 1945இல் அது அமெரிக்கர் கைக்குப் போன அதே நாளில் அவர் உயிரை விட்டார். ஒரு மணிநேர டாக்குமெண்டரி பார்த்தேன், எல்லாம் ஆதாரத்தோடு சொன்னார்கள். மைக்கூடு, பெட்டிக்குள் ஈட்டியை வைத்துவிடுங்கள். கூட்டம் அள்ளும்.


பழையபேப்பர்:

ராத்திரிஷோ, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஈட்டி நிஜம், கதை நிஜமில்லை.

அந்த ஈட்டி ஜெர்மானியப் பேரரசர்களின் முடிசூட்டு விழாப் பொருட்களில் ஒன்று. எட்டாம் நூற்றாண்டு வேலைப்பாடு, இயேசு காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த முடி, செங்கோல், ஈட்டி எல்லாமே 1424 முதல் 1796 வரை நியூரம்பர்க் நகரத்தில்தான் இருந்தன, நெப்போலியன் காலத்துப் போரில் வியன்னாவுக்குக் கொண்டுபோனார்கள். அதனால் 1938இல் ஆஸ்திரியா கைக்கு வந்ததும் மொத்தத்தையும் நியூரம்பர்க்குக்குத் திரும்ப எடுத்து வந்தார்கள். எங்கள் ஊர் சாமி நகை எங்கள் ஊருக்கே வரட்டும் என்கிற மாதிரி, அதிலும் நியூரம்பர்க் அவர்களுடைய கட்சி மாநாட்டு நகரம். 1946 ஜனவரியில் அமெரிக்கர்கள் அதைத் திரும்ப வியன்னாவுக்குக் கொடுத்துவிட்டார்கள், இன்றும் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

ஹிட்லர் அதைப் பார்த்து மெய்மறந்தார் என்பது 1970களின் தொடக்கத்தில் ட்ரெவர் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற ஆள் எழுதிய புத்தகத்தில் வருவது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு கிளைக்கதை இருக்கிறது. ஜேம்ஸ் ஹெர்பர்ட் என்ற திகில் நாவலாசிரியர் அந்தப் புத்தகத்தை நம்பி 1978இல் ஒரு நாவல் எழுதினார். என் சரக்கைத் திருடிவிட்டார் என்று ரேவன்ஸ்கிராஃப்ட் லண்டனில் வழக்குப் போட்டார், ஜெயித்தும்விட்டார். என் புத்தகம் முழுக்க வரலாறு என்று சொல்லிக்கொண்டே, நாவல்காரன் அதைத் தொடக்கூடாது என்று வழக்காடியிருக்கிறார் பாருங்கள். வரலாற்றுக்குக் காப்புரிமை கேட்டவர் வேறு யாராவது உண்டா தெரியவில்லை.

1960இல் பிரான்ஸில் இரண்டு பேர் சேர்ந்து எழுதிய ஒரு பரபரப்புப் புத்தகம்தான் இந்த மொத்த விளையாட்டையும் ஆரம்பித்துவைத்தது, அதற்கப்புறம் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள். நிக்கலஸ் குட்ரிக் கிளார்க் என்ற ஆய்வாளர் 1985இல் இந்த நாஜி மறைஞானத்தின் வேர்களைப் பற்றி எழுதிய நூலில், கடைசியில் தனியாக ஒரு பகுதி வைத்து இந்தக் கட்டுக்கதைகள் எப்படி உருவாயின என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். மைக்கூடு அவசியம் படிக்கவேண்டும்.

ஹிட்லரா ஹிம்லரா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில். ஹிட்லர் இதையெல்லாம் கிண்டல் செய்தார். ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஸ்பேர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்: ரோமானியர்கள் பெரிய பெரிய கட்டடம் எழுப்பிய காலத்தில் நம் ஆட்கள் மண்குடிசையில் இருந்தார்கள், இந்த ஹிம்லர் அந்த மண்குடிசையைத் தோண்டியெடுத்து நம் மானத்தை வாங்குகிறார் என்ற பொருளில் ஹிட்லர் அலுத்துக்கொள்வாராம். 1941 மே மாதம் கட்சியில் ஹிட்லருக்குத் துணையாக இருந்த ஹெஸ் ஸ்காட்லாந்துக்கு விமானம் ஓட்டிக்கொண்டு போனதும் பழியை ஜோசியர்கள்மேல் போட்டு, ஜூன் மாதம் நாடு முழுக்க ஜோசியர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். பிடித்தது ஹிம்லரின் கீழ் இருந்த போலீஸ். அப்படி உள்ளே போனவர்களில் ஒருவர் வில்ஹெல்ம் வுல்ஃப். 1943இல் முசோலினியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கட்டம் போட்டுச் சொல்ல அதே வுல்ஃபைக் கூப்பிட்டார்கள், கடைசியில் ஹிம்லருக்கே அவர் ஜாதகம் பார்த்தார்.


மலைப்பாதை:

திபெத் பற்றி நான் சொல்கிறேன், இதைக் கொஞ்சம் தேடிப் படித்திருக்கிறேன்.

போனது ஐந்து பேர். தலைவர் எர்ன்ஸ்ட் ஷேஃபர், பறவைகள், விலங்குகள் படித்தவர், அதற்கு முன்பே இரண்டு முறை திபெத் எல்லைப் பக்கம் போய் வந்தவர். மற்றவர்கள் மானிடவியல், புவி இயற்பியல், பூச்சியியல், நிர்வாகம் என்று ஆளுக்கொரு வேலை. ஐந்து பேரும் எஸ்எஸ். 1938 ஏப்ரலில் ஜெனோவாவில் கப்பல் ஏறி, கொழும்பு வழியாகக் கல்கத்தா வந்து, சிக்கிம் போய்ப் பல மாதம் உட்கார்ந்து, பிரிட்டிஷ்காரர்கள் சந்தேகப்பட்டு முட்டுக்கட்டை போட, ஒருவழியாக 1939 ஜனவரியில் லாசாவுக்குள் நுழைந்தார்கள். இரண்டு மாதம் அங்கே இருந்தார்கள்.

எதைத் தேடி என்றால், ஹிம்லர் விரும்பியது ஒன்று, ஷேஃபர் செய்தது வேறு. ஹிம்லருக்குப் பனிக்கட்டிப் பைத்தியம் ஒன்று இருந்தது. ஹோர்பிகர் என்ற ஆஸ்திரிய எஞ்சினியர், பிரபஞ்சமே பனிக்கட்டியால் ஆனது, முன்னாடி இருந்த நிலாக்கள் ஒவ்வொன்றாகப் பூமியில் விழுந்து பிரளயம் வந்தது என்று ஒரு கொள்கை சொன்னார். அதற்குத் திபெத்தில் சான்று கிடைக்கும் என்று ஹிம்லர் நம்பி, அந்தக் கொள்கையை நம்பிய ஓர் ஆளைக் குழுவில் சேர்க்கச் சொன்னார். ஷேஃபர் முடியாது என்றுவிட்டார். அதனால் ஹிம்லரின் ஆராய்ச்சி நிறுவனமான அனனெர்பே பணம் தரவில்லை, ஷேஃபர் வெளியில் கம்பெனிகளிடம் கையேந்தித்தான் பெரும்பகுதியைத் திரட்டினார். கொண்டுவந்தது என்னவென்றால் விதைகள், பறவைத் தோல்கள், பூச்சிகள், படச்சுருள்கள், 108 தொகுதி கொண்ட கங்யூர் என்ற பௌத்த நூல் வரிசை. கதைகளில் வரும் ஷம்பாலா என்ற மறைந்த நகரம் இல்லை, சக்தி தரும் கல் இல்லை.

இது வரைக்கும் சுவாரசியமான பயணக்கதை. இனிமேல் சொல்வதைப் படித்துவிட்டு உங்கள் கதையை யோசியுங்கள்.

குழுவின் மானிடவியல்காரர் பெயர் புரூனோ பெகர். திபெத்தில் 376 பேருடைய தலை, மூக்கு, தாடை எல்லாம் அளந்தார், 17 பேருடைய முகத்தில் அச்சு எடுத்தார். ஆரிய இனத்தின் சாயல் அங்கே இருக்கிறதா என்று பார்க்கத்தான். நான்கு வருஷம் கழித்து, 1943 ஜூனில், அதே பெகர் அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் போனார். ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் பேராசிரியர் ஆகஸ்ட் ஹிர்ட் யூத எலும்புக்கூடுகளைச் சேகரித்து வைக்க விரும்பினார், அதற்கு ஆள் தேர்ந்தெடுக்க. 86 பேரை நாட்ஸ்வைலர் முகாமுக்குக் கொண்டுபோய் அந்த ஆகஸ்டில் விஷவாயுவில் கொன்றார்கள். இதற்கெல்லாம் கடிதப் போக்குவரத்து நடத்தியது அனனெர்பேயின் நிர்வாகச் செயலாளர் வோல்ஃப்ராம் சீவர்ஸ். சாகசக் கதைகளில் இயேசுவின் புனிதக் கிண்ணத்தைத் தேடுவதாக வருகிற அதே அலுவலகம், அதே லெட்டர்ஹெட். சீவர்ஸை 1948இல் தூக்கில் போட்டார்கள். பெகருக்கு 1971இல் மூன்று வருஷம் தண்டனை விதித்தார்கள், ஏற்கெனவே காவலில் இருந்த நாட்களைக் கழித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அந்த 86 பேரும் யார் யார் என்று எல்லாருடைய பெயரும் தெரியவந்தது 2003 வாக்கில்தான், ஒரு ஜெர்மன் பத்திரிகையாளர் வருஷக்கணக்காகத் தேடிக் கண்டுபிடித்தார்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. 'அனனெர்பே' என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு ரகசியம், மர்மம், கிண்ணம் என்று தோன்றுகிறது. அந்த வேலையைச் செய்தது இந்தக் கதைகள்தான்.


கடைசிபெஞ்ச்:

அண்ணா, ஒரு சந்தேகம், திட்டாதீர்கள். போகர் சுவடி, அகத்தியர் சுவடி எல்லாவற்றையும் ஜெர்மன்காரன் தூக்கிக்கொண்டு போய்த்தான் ராக்கெட் செய்தான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அது இந்த ஹிம்லர் ஆட்கள் வேலைதானா?


மலைப்பாதை:

திட்டமாட்டேன், இதை எங்கள் தாத்தாவும் சொல்வார். ஜெர்மனியில் தமிழ் ஓலைச்சுவடி இருப்பது உண்மை. ஆனால் அது தரங்கம்பாடிக் கதை. சீகன்பால்கு 1706இல் வந்திறங்கி, அவரும் அவருக்குப் பின் வந்த பாதிரிமார்களும் ஹாலே நகரத்துக்கு அனுப்பியவை, இன்றும் அங்கே ஃப்ராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. ஹிம்லர் பிறப்பதற்கு இருநூறு வருஷம் முன்னால் ஆரம்பித்த விஷயம். ராக்கெட் செய்தவர்கள் பேனெமுண்டே என்ற ராக்கெட் தளத்தில் இருந்த எஞ்சினியர்கள், அதை மிட்டல்பாவ் டோராவில் கட்டியவர்கள் முகாம் கைதிகள். அனனெர்பேயின் தலைவராக இருந்த வால்தர் வூஸ்ட் ஒரு சமஸ்கிருதப் பேராசிரியர், மியூனிக் பல்கலைக்கழகத்தில். அந்த ஆள் வேதத்தையும் ஹிட்லரையும் முடிச்சுப்போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். சித்தர் பாடல் பக்கம் வந்ததில்லை.


ராத்திரிஷோ:

சரி, ஈட்டியை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லாரும் சேர்ந்து மைக்கூடைப் பயமுறுத்துகிறீர்கள். சாகசக் கதையில் மந்திரம் வேலை செய்யாவிட்டால் எவன் படிப்பான்? கதை கதைதானே?


தாழம்பூ:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன், இந்தக் கேள்விக்காக எழுதுகிறேன். ராத்திரிஷோ கேட்பதில் நியாயம் இருக்கிறது.

1981இல் வந்த முதல் இண்டியானா ஜோன்ஸ் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது 1936இல். பிரிட்டிஷ் ராணுவம் உட்கார்ந்திருக்கிற எகிப்தில் ஜெர்மன் சிப்பாய்கள் சீருடை போட்டுக்கொண்டு நூற்றுக்கணக்கில் கூலி ஆட்களை வைத்துத் தோண்டுகிறார்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வரலாறு என்று பார்த்தால் ஒரு நிமிஷம் நிற்காது. ஆனால் அதில் மந்திரம் யாருக்கு வேலை செய்கிறது என்று பாருங்கள். படத்தில் எல்லாரும் தேடுகிற பெட்டி யூதர்களுடைய புனித உடன்படிக்கைப் பெட்டி. நாஜிகள் அதைத் திறக்கிறார்கள், அதிலிருந்து வருவது அவர்களை மெழுகு மாதிரி உருக்கிவிடுகிறது. எடுத்தவர் ஸ்பீல்பெர்க், ஒரு யூதர். நிஜத்தில் யாரும் வந்து காப்பாற்றாத ஒரு சமூகம், படத்திலாவது தன் பெட்டியை வைத்துப் பழி தீர்த்துக்கொள்கிறது. அந்த மந்திரத்தை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன்.

எனக்கு ஒத்துவராதது இன்னொரு வகை. ஹிம்லர் நம்பியது எல்லாம் அந்தக் கதைக்குள் உண்மையாகிவிடும், ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்துக்குச் சக்தி இருக்கும், மன்னன் எழுந்து வருவான், கருப்புச் சூரியன் சுழலும், ஹீரோ கடைசி நிமிஷத்தில் தடுப்பான். அதாவது அந்தக் கோழிப்பண்ணைக்காரர் மூவாயிரம் வருஷ ரகசியம் அறிந்த மகாமந்திரவாதி ஆகிவிடுகிறார். அவர் தன்னைப் பற்றிக் கண்ட கனவும் அதேதான், நாம் காசு கொடுத்து அதை நிறைவேற்றி வைக்கிறோம்.

அதனால் பெட்டிக்குள் சக்தி இருக்கலாமா என்று கேட்டால், அது யார் வீட்டுச் சக்தி என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன். ஹிம்லர் கட்சிக்கு வேலை செய்யக்கூடாது.

நிஜமாகவே நடந்த ஒரு தேடல் இருக்கிறது, யாராவது எடுத்து எழுதமாட்டார்களா என்று பல நாள் நினைத்திருக்கிறேன். டாசிட்டஸ் என்ற ரோமானியர் பழைய ஜெர்மானியர்களைப் பற்றி எழுதிய சின்ன நூலின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று இத்தாலியில், ஜேசி என்ற ஊரில், ஒரு பிரபுக் குடும்பத்திடம் இருந்தது. ஹிம்லருக்கு அதன்மேல் தீராத ஆசை. முசோலினி முதலில் தருகிறேன் என்று தலையாட்டிவிட்டு, இத்தாலியில் எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கிவிட்டார். 1943 இலையுதிர் காலத்தில் இத்தாலி சரணடைந்த பிறகு ஒரு எஸ்எஸ் படை அந்தக் குடும்பத்தின் மாளிகைக்குள் புகுந்து சுவர், தரை, மரச்சாமான் எல்லாவற்றையும் உடைத்துத் தேடியது. கிடைக்கவில்லை. பிரதி ஜேசியிலேயே அந்தக் குடும்பத்தின் இன்னொரு வீட்டில் பத்திரமாக இருந்தது! துப்பாக்கி, கோட்டை வீடு, துரத்தல், ஏமாற்றம், எல்லாம் இருக்கிறது. அவ்வளவு பாடுபட்டுத் தப்பிய பிரதி 1966இல் ஃபுளோரன்ஸ் வெள்ளத்தில் வங்கி லாக்கருக்குள் இருந்து நனைந்துபோனது. இப்போது ரோம் தேசிய நூலகத்தில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அந்த நூலின் வாசகம் நூற்றாண்டுகளாக அச்சில் இருக்கிறது, எந்த நூலகத்திலும் எடுத்துப் படிக்கலாம். அவருக்குத் தேவைப்பட்டது வாசகம் இல்லை, அந்தத் தோல் ஏடு தன் அலமாரியில் இருக்கவேண்டும்.

இதையும் விட எனக்கு நெருக்கமானது சூனியக்காரிகளின் அட்டைகள். 1935இலிருந்து 1944 வரை எஸ்எஸ்ஸில் ஒரு தனிக் குழு, நூற்றுக்கணக்கான நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் உட்கார்ந்து, பழைய காலத்தில் சூனியக்காரி என்று எரிக்கப்பட்டவர்களின் வழக்குகளைத் தேடித்தேடி அட்டையில் ஏற்றியது. 33,000 அட்டைக்கு மேல். ஜெர்மானியப் பழைய மதத்தைத் திருச்சபை எப்படி அழித்தது என்று காட்டவேண்டும் என்பது நோக்கம். 1629இல் மெர்கன்ட்ஹைம் ஊரில் எரிக்கப்பட்ட ஒரு பெண் ஹிம்லருக்கே மூதாட்டி முறை என்றுகூட அவருக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். இந்த அட்டைகளை வைத்து ஜனரஞ்சக நாவல்கள் எழுதவைக்கவும் திட்டம் இருந்தது. ஆமாம், ஹிம்லரும் ஒரு வகையில் உங்கள் தொழிலுக்கு வரப் பார்த்தவர்தான் மைக்கூடு. போர் முடிந்ததும் அந்த அட்டைகள் போலந்துப் பக்கம் சிக்கி, போஸ்னான் நகரக் காப்பகத்தில் சேர்ந்தன.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எரிக்கப்பட்ட பெண்களுக்காக ஒருத்தர் ஒரு அறையில் உட்கார்ந்து பெயர், ஊர், தேதி என்று தட்டச்சு செய்கிறார். அதே அமைப்பின் இன்னொரு அறையில், அதே மாதிரி அட்டையில், வேறு பெயர்கள்.


மைக்கூடு:

மூன்று நாளாக இதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். பழையபேப்பர் சார், மலைப்பாதை, இடிதாங்கி, தாழம்பூ அக்கா, எல்லோருக்கும் நன்றி. ராத்திரிஷோ, உங்களுக்கும்தான், நீங்கள் கேட்டிருக்காவிட்டால் அக்கா எழுதியிருக்கமாட்டார்.

ஆறு அத்தியாயத்தில் நாலைத் தூக்கிப்போட்டுவிட்டேன். தீவட்டி போய்விட்டது. இமயமலை இருக்கிறது, ஆனால் கதாநாயகி இப்போது பெர்லினில் அந்த அட்டைகளைத் தட்டச்சு செய்கிற பெண். ஒருநாள் தவறுதலாகப் பக்கத்து அறைக்குப் போகவேண்டிய ஒரு பெட்டி அவள் மேஜைக்கு வந்துவிடுகிறது. ஏழாம் அத்தியாயத்தில் அவள்தான் திறக்கிறாள்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. அந்தச் சூனியக்காரி அட்டையில் என்னென்ன கட்டங்கள் இருந்தன?


தாழம்பூ:

அச்சடித்த படிவம் மாதிரித் தாள். பெயர், ஊர், வயது, குடும்பம், என்ன குற்றச்சாட்டு, விசாரணை, எப்படிக் கொன்றார்கள் என்று வரிசையாகக் கட்டம் இருக்கும். பழைய ஏடுகளில் அவ்வளவு விவரம் ஏது? அதனால் முக்கால்வாசி அட்டைகளில் பெரும்பாலான கட்டம் காலிதான். சிலதில் பெயரே இல்லை, 'ஒரு பெண்' என்று மட்டும் இருக்கும். உங்கள் கதாநாயகிக்கு அது உதவும் என்று நினைக்கிறேன்.


மைக்கூடு:

உதவும் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஏழாம் அத்தியாயத்தை இங்கேயே போடுகிறேன். நண்பனிடம் இந்த முறை கடைசியாகத்தான் காட்டப்போகிறேன்.